திறந்து கிடக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்

டோரண்ட் போடலாமா, கூடாதா என்று விடுதியில் ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்த மென்பொருள், யாருடைய லேப்டாப்? கோப்புப் பகிர்வு என்றாலே திருட்டு, வைரஸ், சிறை என்று மிரட்டும் சுற்றறிக்கைகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். எந்த மென்பொருள் நம் கணினியில் எதைத் திறந்துவிடுகிறது என்று அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

1999இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகப் போனது. யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அதனால் நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடிந்தது. 2001இல் நாப்ஸ்டர் முடங்கியது. பின்னால் வந்த நூடெல்லா, கஸா, லைம்வயர் போன்றவை அந்தப் பட்டியலைப் பயனர்களின் கணினிகளிலேயே சிதறவிட்டன. இழுத்து மூட மைய சர்வர் இல்லாமல் போனதும், இசை நிறுவனங்கள் தனியாட்களைத் தேடிப் போயின. 2003 செப்டம்பரில் அமெரிக்காவில் முதல் தவணையாக 261 பேர் மீது வழக்கு. அதில் சிக்கிய ஒருவர், நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி. 2,000 டாலர் கொடுத்து அந்தக் குடும்பம் மீண்டது. மினசோட்டாவில் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு, கஸாவில் 24 பாட்டுகளைப் பகிர்ந்ததற்காக 2009இல் ஜூரி விதித்த தொகை 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர். மேல்முறையீட்டில் அது 2,22,000 டாலராகக் குறைந்தது. கஸாவை உருவாக்கியவர்களோ அதை விற்றுவிட்டு ஸ்கைப்பைத் தொடங்கினார்கள். 2005இல் அதையும் பல நூறு கோடி டாலருக்கு விற்றார்கள்.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வழக்குகள் அல்ல. 2002இல் எச்பி ஆய்வகத்தில் நேதனியல் குட், ஆரன் கிரெக்கல்பெர்க் என்ற இருவர் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். கஸா நிறுவப்பட்ட கணினி முன்னால் 12 பேரை உட்கார வைத்து, இந்தக் கணினியிலிருந்து இப்போது எவையெல்லாம் வெளியே பகிரப்படுகின்றன என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்குக் கணினி தெரியாது என்றில்லை. ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் இருக்கும் எல்லா ஃபோல்டர்களும் சேர்ந்து திறந்துவிடும் என்பதை மென்பொருள் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்தும் இதே கதைதான். இப்படிப்பட்ட வலைகளில் தங்கள் ஊழியர்கள், வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்து கிடப்பதாக, 2010இல் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் கிட்டத்தட்ட 100 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது.

இப்போது நம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நினைத்துப் பாருங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவரின் கணினியில் என்ன இருக்கும்? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். விடுதியில் நாலு பேருக்கு ஒரு லேப்டாப் என்றால் நாலு பேருடையதும் அங்கேயே கிடக்கும். சாதி கேட்டு வீடு கொடுக்கிற நாட்டில் அந்த பிடிஎஃப் வெளியே போவதும் சினிமாப் பாட்டு வெளியே போவதும் ஒன்றல்ல. ஆய்வு மாணவர் என்றால் இன்னும் மோசம். வன்கொடுமையைப் பற்றி நம்மிடம் நம்பிப் பேசியவர்களின் குரல் பதிவுகளும் ஊர்ப் பெயர்களும் அதே கணினியில்தான் இருக்கின்றன. அது கசிந்தால் அடி வாங்கப்போவது நாம் அல்ல.

இந்த விஷயத்தில் பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டோரண்ட் முந்தியவற்றைவிட மேல். அது ஃபோல்டரைக் கடை விரிப்பதில்லை. எந்த டோரண்டைச் சேர்த்தோமோ அதை மட்டுமே துண்டு துண்டாகப் பகிர்கிறது. அதன் சிக்கல் வேறு. அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும் யாரும் உங்கள் ஐபி முகவரியைப் பார்க்கலாம். இறக்கும்போதே நீங்கள் பிறருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். 'நான் பார்க்கத்தான் எடுத்தேன்' என்ற வாதம் அங்கே எடுபடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது. விபிஎன் போட்டால் மறைந்துவிடலாம் என்பவர்களுக்கு: 2022இல் வந்த செர்ட்-இன் உத்தரவு, வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் ஐந்தாண்டு வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களிடம் சொல்கிறது. இலவச விபிஎன் எதை விற்றுப் பிழைக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

டோரண்ட் மென்பொருள்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மியூடோரண்ட் விளம்பரத்தில் ஓடுவது. 2015இல் அதை நிறுவியபோது கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலும் கேட்காமலே கூட வந்துவிட்டதாகப் பலர் புகார் சொன்னார்கள். அனுமதி கேட்டுத்தான் நிறுவினோம் என்றது நிறுவனம். க்யூபிட்டோரண்ட், டிரான்ஸ்மிஷன் இரண்டும் விளம்பரம் இல்லாத கட்டற்ற மென்பொருள்கள். நான் இவற்றைத்தான் சொல்வேன். அதற்காகக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். 2016இல் டிரான்ஸ்மிஷனின் சொந்தத் தளத்திலேயே மேக் பதிப்புக்குள் யாரோ ரான்சம்வேரைச் செருகிவிட்டார்கள். செல்போனில் ஷேர்இட்டை 2020இல் அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டே அதன் ஓட்டைகள் பற்றி டிரெண்ட் மைக்ரோ எழுதியது. இன்னும் அதை எங்கிருந்தோ ஏபிகே-வாக எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பகிராதே என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்கிற பதிப்பகங்களின் உலகத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்காகப் பக்கங்களை நகலெடுப்பது சட்டமீறல் இல்லை என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றமே சொன்னது. லினக்ஸும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய புத்தகங்களும் சட்டப்படியே டோரண்டில் கிடைக்கின்றன. நம் வாசகர் வட்டத்துக்குள் கோப்பு பரிமாற சின்க்திங் இருக்கிறது: நாம் ஒப்புக்கொண்ட கருவிகளோடு மட்டும் பேசும், போகும் வழியில் மறையாக்கம் செய்யும், நடுவில் கோப்புகளைச் சேமிக்கும் சர்வர் கிடையாது.

டோரண்ட் வேண்டும் என்றால் லேப்டாப்பில் அதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். சான்றிதழ்களைப் பூட்டிய பென்டிரைவுக்கு மாற்றுங்கள். களப்பணிப் பதிவுகள் இருக்கும் கணினியில் டோரண்டே வேண்டாம். நாலு பேருக்கு ஒரு லேப்டாப் என்கிற விடுதியில் கடைசியாகச் சொன்னதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியைச் சுற்றறிக்கை ஒட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டும்.