பாதிப் படமும் 65,535 பைட்டும்

நெற்றியும் கண்களும் தெளிவாகத் தெரிந்தன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. ஒரு கல்லூரியின் சேர்க்கை மென்பொருளில் இப்படிப் பாதி முகத்தோடு நிறைய மாணவர் படங்கள் கிடந்தன. ஸ்கேனர் மீது பழி விழுந்தது, பிறகு நெட்வொர்க் மீது, கடைசியில் மாணவர்களின் செல்போன் மீது. நான் போய்ப் படப் புலத்தின் நீளத்தைக் கேட்டு ஒரே ஒரு வினவல் ஓட்டினேன். பாதிப் படங்கள் அத்தனைக்கும் ஒரே விடை வந்தது: 65,535.

தொழில் தெரிந்தவருக்கு அந்த எண்ணே போதும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் புலத்தின் வகையாக ‘ப்ளாப்’ என்று மட்டும் எழுதினால் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். ‘மீடியம்ப்ளாப்’ 16 மெகாபைட் வரை கொள்ளும், ‘லாங்ப்ளாப்’ 4 ஜிகாபைட் வரை. ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ எனும் கறார் முறை இயங்கினால் அளவு மீறிய கோப்பு பிழைச்செய்தியோடு திரும்பிவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலை. ஆனால் பழைய நிரல் ஓடவில்லை என்று யாரோ ஒருவர் அதை அணைத்து வைத்திருப்பார். அப்போது தரவுத்தளம் மிஞ்சியதை வெட்டிவிட்டு, யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுச் செல்லும். சாதாரண ஜேபெக் படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் தலை பிழைத்தது, தாடை போனது. இதுவே ஸிப் கோப்பாக இருந்திருந்தால் திறந்தே இருக்காது. ஸிப்பின் உள்ளடக்கப் பட்டியல் வாலில்தான் இருக்கிறது.

பெரிய கோப்பைத் தரவுத்தளத்தில் வைப்பதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: கோளாறு ஓரிடத்தில் பிறக்கிறது, வேறோர் இடத்தில் முகம் காட்டுகிறது. உலாவியில் புறப்பட்ட கோப்பு எத்தனை சுங்கச்சாவடிகளைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 மெகாபைட். பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், மொத்தப் படிவத்துக்கு 8 மெகாபைட் என்று வைத்திருக்கிறது. அந்த எட்டைத் தாண்டினால் நிரலின் கைக்கு வருவது காலிப் படிவம். ‘பெயரைக் காணோம்’ என்று நிரல் பயனரைத் திட்டும், பெயரை அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார். இத்தனையும் தாண்டிய பிறகுதான் தரவுத்தளத்தின் சொந்த வரம்பு.

மைஎஸ்கியூஎல்லில் அதன் பெயர் ‘மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்’. 8.0 பதிப்பின் சர்வரில் இயல்பாக 64 மெகாபைட், முந்தைய 5.7இல் 4 மெகாபைட்தான். மீறினால் சில சமயம் நேரான பிழை வரும். சில சமயம் ‘சர்வர் ஹாஸ் கான் அவே’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் வரும். அதைப் பார்த்ததும் சர்வரை ரீஸ்டார்ட் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சர்வர் எங்கும் போகவில்லை, பாக்கெட் பெரிதாக இருந்ததால் இணைப்பைத் துண்டித்தது, அவ்வளவே.

சேமித்த கோப்பின் நீளம் மூலத்தைவிடக் குறைந்தால் வெட்டு. நீளம் கூடியிருந்தால் நோய் வேறு, யாரோ இருமத்தை எழுத்தாக நினைத்துக் கையாண்டிருக்கிறார்கள். சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் பேஸ்64 பிரிக்கப்படாமல் உள்ளே போய்விட்டது. கிட்டத்தட்ட இரு மடங்கு என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘பைட்-ஏ’ புலத்தைப் பழைய டிரைவர் வழியே படித்திருக்கலாம். 2010இல் வந்த 9.0 பதிப்பு அந்தப் புலத்தைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களாக வெளியிடத் தொடங்கியது, பழைய டிரைவருக்கு அது புரியாது. இவை இரண்டையும் மீட்டுவிடலாம். மீட்க முடியாதது மூன்றாவது வகை: யூடிஎஃப்-8 மாற்றத்துக்குள் புகுந்து வந்த கோப்பு. ஜேபெக்கின் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 என்று இருக்க வேண்டிய இடத்தில் 239, 191, 189 என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு செத்துவிட்டது என்று பொருள். ‘இந்த எழுத்து எனக்குத் தெரியாது’ என்ற குறியின் பைட்டுகள் அவை. மூலத்தில் என்ன இருந்தது என்பதை இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

இந்த விபத்தை முன்பே எண்ணிப் பார்த்தவர்கள் பிஎன்ஜி வடிவத்தை அமைத்தவர்கள். அதன் எட்டு பைட் முகப்பில் முதலாவது 137. ஏழு பிட் மட்டுமே கடத்தும் வழியில் போனால் அது மாறிக் காட்டிக்கொடுக்கும். நடுவிலும் முடிவிலும் வரிமுடிவுக் குறிகள் உள்ளன. வழியில் யாராவது வரிமுடிவை ‘திருத்தினால்’ உடனே தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட மோசமானது காப்பு நகலில் நடப்பது. சர்வரின் வரம்பு 64 மெகாபைட், அதற்குள் 40 மெகாபைட் கோப்பு ஒன்று ஒழுங்காகப் போய் உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். இரவில் ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ ஓடுகிறது. அந்தக் கருவிக்குத் தனி வரம்பு உண்டு, இயல்பாக 24 மெகாபைட். அந்தப் பதிவை எட்டியதும் அது நின்றுவிடும், அடுத்த அட்டவணைகள் நகலில் இருக்காது. வெளியீட்டை நேரே ‘ஜிஸிப்’ கருவிக்குக் குழாய் விட்டிருந்தால் ஷெல் பார்ப்பது ஜிஸிப்பின் வெற்றியைத்தான். காலையில் கோப்பு இருக்கும், பச்சை விளக்கு எரியும். சரி, கருவியின் வரம்பை உயர்த்திவிட்டீர்கள். இருமத்தைப் பதினாறடிமான எண்ணாக எழுதும் தேர்வையும் (நல்ல பழக்கம்தான்) போட்டிருக்கிறீர்கள். இப்போது 40 மெகாபைட் 80 ஆகிறது. மீட்கும் நாளில், அந்தக் கோப்பை ஏற்றுக்கொண்ட அதே சர்வர், தன் நகலையே ‘பெரிது’ என்று திருப்பி அனுப்பும்.

போஸ்ட்கிரெஸிலும் இதே கதை உண்டு. ஒரு புலத்தில் ஏறத்தாழ 1 ஜிகாபைட் வரை வைக்கலாம், ஆனால் 512 மெகாபைட்டைத் தாண்டினாலே எழுத்து வடிவில் அது ஒரு ஜிகாபைட் ஆகிவிடுவதால் டம்ப் நினைவக ஒதுக்கீட்டுப் பிழையோடு விழும். ‘லார்ஜ் ஆப்ஜெக்ட்’ பக்கம் போனால் 4 டெராபைட் வரை இடம் இருக்கிறது. அங்கே வேறு தொல்லை: அட்டவணையில் இருப்பது எண் மட்டும், பதிவை அழித்தாலும் கோப்பு அநாதையாக உள்ளேயே கிடக்கும். வட்டு நிறைந்த பிறகுதான் பலர் ‘வேக்யூம்எல்ஓ’ என்ற துப்புரவுக் கருவியின் பெயரையே கேள்விப்படுகிறார்கள்.

அப்படியானால் கோப்பை வெளியே வைத்துவிடலாமே? மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே மூவரும் 2006இல் இதை அளந்து பார்த்தார்கள். 256 கிலோபைட்டுக்குக் கீழே தரவுத்தளம், 1 மெகாபைட்டுக்கு மேலே கோப்பு முறைமை, நடுவில் உள்ளவை பயன்பாட்டைப் பொறுத்தவை என்றார்கள். அன்றைய வட்டுகளில் எடுத்த அளவு அது. எண்களை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை, திசை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். வெளியே வைத்தால் பரிவர்த்தனையின் காவல் போகும்: பதிவு இருக்கும் கோப்பு இருக்காது, அல்லது கோப்பு இருக்கும் பதிவு இருக்காது. உள்ளே வைத்தால் நகல் வீங்கும். எந்தத் தொல்லையோடு குடும்பம் நடத்த முடியும் என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

எங்கே வைத்தாலும் கோப்பின் பக்கத்திலேயே இரண்டு புலங்கள் வையுங்கள்: பைட் நீளம், ஷா-256 சுருக்கம். இரண்டையும் கோப்பு வந்திறங்கிய முதல் படியிலேயே கணக்கிட வேண்டும். தரவுத்தளத்திலிருந்து திரும்பப் படித்துக் கணக்கிட்டால் வெட்டுப்பட்டதற்கே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். மாதம் ஒருமுறை நகலை வேறொரு காலி சர்வரில் மீட்டு இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை.

அந்தக் கல்லூரியில் அப்படி எதுவும் இல்லை. புலத்தை மீடியம்ப்ளாபாக மாற்ற ஒரே ஒரு கட்டளை போதுமானதாக இருந்தது. வெட்டுப்பட்ட படங்களுக்கு மூலம் எங்குமே இல்லாததால் அலுவலகத்தார் மாணவர்களிடமே மறுபடி படம் கேட்டார்கள். அவர்களில் சிலர் அதற்குள் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.