மண் குதிரை

1973-ல் அமெரிக்காவில் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் ஜெயித்தது செக்ரட்டேரியட் என்ற குதிரை. அதற்குப் பொம்மை உண்டு. வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்களும் உண்டு. அடுக்கட்டும்.

என் வழக்கு நம்மவர்களோடுதான். ஏம்பலத்துக்கு அருகே வில்லியனூரில் வனையும் சுடுமண் உருவங்களுக்குப் புவிசார் குறியீடு கொடுத்து மெச்சிவிட்டோம். ஆனால், அய்யனாருக்குக் குதிரை நேர்ந்துகொண்டவர்களில் பலர் போவது சிமெண்டில் சிலை செய்பவரிடம். கேட்டால், மண் குதிரை உடைந்துவிடுமாம்!

உடையட்டுமே, ஐயா! உடைந்தால்தானே அடுத்த குதிரை, அடுத்த சூளை, குயவர் வீட்டில் அடுத்த உலை? சிமெண்டுக் குதிரை தலைமுறைக்கும் நிற்கும்; குயவர் பிழைப்பும் அங்கேயே நின்றுவிடும்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. இறங்கிவிட்டவரைக் கரையில் நின்று மெச்சுவது என்ன நியாயம்? மெச்சியது போதும், ஒரு குதிரை செய்யச் சொல்லுங்கள்.