மேற்கணக்கு ஆட்கள்



சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் வரிசைகட்டி நிற்கும் கார்களில் பெரும்பாலானவை மலர்க் கண்காட்சிக்கும் படகுத்துறைக்கும் போகிறவை. போன மாதம் நான் பின்சீட்டில் தொற்றிக்கொண்டு போன பழைய மாருதிக்கு அந்த இரண்டிலும் வேலையில்லை. ஓட்டியவர் அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். பக்கத்தில் அண்ணி, அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. பணி முடிந்ததும் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு திருப்பூரில் குடியேறிவிட்டார்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அண்ணிக்கு யோசனை வந்திருக்கிறது. வண்டி சும்மாதானே நிற்கிறது, ஒரு சுற்றுப் போய் நம்ம ஆட்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

நம்ம ஆட்கள் என்று அவர் சொன்னது சொந்தக்காரர்களை அல்ல. இலங்கையில், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்கணக்கில், அதாவது மேல்பிரிவில், ஒரே லயத்தில் சேர்ந்து வளர்ந்தவர்களை. இன்று அவர்கள் மூன்று மாநிலங்களில் இருக்கிறார்கள்.

எப்படிச் சிதறினார்கள் என்பது நாம் அதிகம் பேசாத கதை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களோடு யாரும் கலந்து பேசவில்லை. அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று ஒரே வீட்டுக்குள்ளும் கோடு விழுந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், இக்கரையில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

கப்பல்வரை சேர்ந்து வந்தவர்களை அதற்கப்புறம் பிரித்தது காகிதம்தான். குடும்ப அட்டையில் எந்தத் திட்டம் எழுதியிருக்கிறதோ அதுதான் ஊர். தேயிலை என்றால் நீலகிரி அல்லது வால்பாறை. ரப்பர் என்றால் கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்யா, புத்தூர். இன்னும் சிலர் நூற்பாலைகளுக்குப் போனார்கள். நிறையப் பேருக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுத்து அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர் திடீரென்று மளிகைக்கடை வைத்து எப்படிப் பிழைப்பார் என்று அந்தத் திட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேன்டீ நிறுவனமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்திச் செடி வைத்து வளர்த்தவர்கள் இவர்கள்தான்.

திருப்பூர் வண்டி என்பதால் மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. “கப்பலுக்குப் பாஸ்போர்ட்டு, மலைக்கு இ-பாஸு. நமக்கு எல்லாம் சீட்டுல எழுதியிருக்கு” என்று அண்ணன் சிரித்தார். குன்னூரில் ஒரு வீடு, கோத்தகிரியில் ஒரு வீடு. வாசலில் வண்டி நின்றதும் யாரும் நலம் விசாரிக்கவில்லை. “வாடா மச்சான், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்ற ஏச்சுதான் முதலில். பிறகு பிளேன்டீ, தேங்காய் ரொட்டி, மாசிக் கருவாடு போட்டு இடித்த சம்பல். அரை நூற்றாண்டாக நீலகிரியில் இருந்தும் இவர்கள் அடுப்பில் இலங்கை மாறவே இல்லை. நான் மட்டும் காரம் தாங்காமல் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஊட்டியைத் தாண்டி நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும்போது அண்ணி பேசிக்கொண்டே வந்தார். எந்த வீட்டில் யாருக்கு எந்த வருஷம் பிள்ளை பிறந்தது, யார் யாரோடு ஓடிப்போனார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள். எழுதி வைத்தால் ஒரு தோட்டத்தின் வரலாறு. பந்தலூரில் அவருடைய பள்ளித்தோழி காலி லயம் ஒன்றைக் காட்டினார். 2022இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. யானைக்குக் காடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைத் திருத்தியவர்களுக்கு, ஓய்வுபெற்ற பிறகும் அவர்கள் பெயரில் நிற்கிற ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருணையாக அல்ல, பாக்கியாக.

நான் கூடலூரில் இறங்கிக்கொண்டேன். அவர்கள் மைசூரு, மடிகேரி வழியாகச் சுள்யா போனார்கள். அங்கே இருப்பவர் அண்ணனோடு ஒரே நாளில் கப்பலேறியவர். குளிர்மலையில் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டினார். பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் படிக்கிறார்கள். “ரெண்டு பேரும் விடிய விடியப் பேசிக்கிட்டே இருந்தாங்க, நான் தூங்கிட்டேன்” என்று அண்ணி போனில் சொன்னார். புனலூர் பாக்கி இருக்கிறது. முழங்கால் வலி குறைந்ததும் போவார்களாம்.

சின்னப் பிள்ளைகளாகக் கப்பலேறியவர்களிலேயே பலர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் இராமானுஜம் கப்பலில் வந்த பெரியவர்கள் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு தோழர் வீட்டுக்காவது அழைத்துப் போங்கள். நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இலவசம்தான், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கூடலூரிலிருந்து மைசூரு போகும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், மூடுவதற்கு முன்பே காட்டைக் கடந்துவிட வேண்டும். தேடுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லையா? எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்த வருஷம் கப்பலேறினார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்