கறுத்த ரீசேட்டும் மூன்று பாட்டுகளும்

அண்மையில் ஒரு சனிக்கிழமை, வார இறுதித் தமிழ்ப் பாடசாலையொன்றின் வாசலிலே பிள்ளைகளை அழைத்துச் செல்லக் காத்து நின்ற பெற்றோரிடையே ஒரு வாக்குவாதம் மூண்டது. பதினைந்து வயது மதிக்கத்தக்க மாணவன் ஒருவன் கறுத்த ரீசேட் அணிந்து வந்திருந்தான். அதன் மார்பிலே மேலைநாட்டு இசைக்குழு ஒன்றின் பெயரும், வாயைப் பிளந்த ஓர் எலும்புக்கூடும் இருந்தன. "இதென்ன காவாலி உடுப்பு? தமிழ் படிக்க வாற இடத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு வாறதோ?" என்று ஒரு தந்தையார் கேட்டார். அவர் அந்தப் பையனின் தந்தையுமல்லர். பையன் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அவனோடு நின்ற தோழன் முந்திக்கொண்டான்: "அங்கிள், இவனுக்கு அந்த பாண்டின்ர ஒரு பாட்டும் தெரியாது. சும்மா கடையில வாங்கிப் போட்டிருக்கிறான்." எல்லோரும் சிரித்தார்கள். பையன் மேலங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டான்.

நாமும் அங்கே நின்றோம். சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வீடு திரும்பும் வழியிலேதான் மனம் உறுத்தத் தொடங்கியது. ஒரு பிள்ளை ஒரே சட்டைக்காக ஒரே நிமிடத்தில் இரண்டு நீதிமன்றங்களிலே குற்றவாளியாகி விட்டான். அந்த இசைக்குழுவுக்கு மிக நெருங்கிப் போய்விட்டான் என்பது பெரியவர்களின் குற்றச்சாட்டு. போதிய அளவு நெருங்கவில்லை என்பது இளையோரின் குற்றச்சாட்டு. இசைக்குழுவின் பெயர் பொறித்த சட்டையை அணிவது இழுக்கா, பிள்ளைகளின் பாஷையிலே சொல்வதானால் அது 'கூல்' அல்லாத காரியமா என்ற கேள்வி, ஏதோ பொழுதுபோகாதவர்களின் கேள்வி போலத் தோன்றலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு எமது சொந்த அனுபவமே காரணம்.

2009ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் நாம் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அகதி விண்ணப்பதாரிகளைத் தலைநகரில் வைத்திராது வட பகுதிகளுக்குப் பிரித்தனுப்பும் ஏற்பாட்டின்படி மன்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பப்பட்டோம். கைவசம் இருந்தவை யாழ்ப்பாண வெயிலுக்கு ஏற்ற இரண்டு சேர்ட்டுகள். பக்கத்துத் தேவாலயத்தில் பழைய உடுப்புகள் வழங்குகிறார்கள் என்று உடனிருந்த எரித்திரிய நாட்டு நண்பர் அழைத்துப் போனார். அங்கே மேசைமீது குவித்திருந்தவற்றுள் எமது அளவுக்குக் கிடைத்தவை ஒரு கம்பளி மேலங்கி, ஒரு சோடி சப்பாத்து, ஒரு கறுத்த ரீசேட் ஆகிய மூன்றுமே. ரீசேட்டின் மார்பில் எழுத்து எதுவும் இல்லை. வெள்ளைக் கோடுகள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக, நடுவிலே மலைமுகடுகள் போல எழுந்தும் தாழ்ந்தும் கிடந்தன. எழுத்து இல்லாதது எமக்கு உவப்பாகவும் இருந்தது. சோதனைச் சாவடிகளைக் கடந்து விரிவுரைக்குப் போய்வந்தவர்களுக்கு, உடலிலே பிறர் வாசிக்கத்தக்கதாக எதையும் தாங்கிச் செல்லாதிருப்பது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. உருமறைப்பு நிறத் துணியைச் சாதாரண மனிதர் அணிவதே குற்றமாக இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம்.

ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் ஐம்பது வயது கடந்த வெள்ளையர் ஒருவர் எமது மார்பை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். ஏதோ கேட்டார். அவ்வூர்ப் பேச்சு எமது செவிக்கு அப்போது பிடிபடவில்லை. கோடுகளைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி "மலை" என்றோம். அவர் முகம் மாறிற்று. இம்முறை நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "மூன்று பாட்டுச் சொல்லும் பார்ப்போம்." எமக்கு ஒரு பாட்டும் தெரியாது, யாருடைய பாட்டு என்பதும் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பெயரைச் சொல்லிப் போய்விட்டார். அந்தப் பெயரைக் காதிலே வைத்துக்கொண்டு நகர நூலகத்துக்குப் போனோம். அங்கே கணினியில் ஒரு மணித்தியாலம் இலவசம்.

அவர் சொன்னது 'ஜோய் டிவிஷன்' என்ற பெயரை. அந்தப் பகுதியிலேயே, சல்போர்ட்டில், 1976இல் தோன்றிய இசைக்குழு அது. அவர்களுடைய முதலாவது இசைத்தட்டு 1979இல் வெளிவந்தபோது, பீற்றர் சவில் என்ற இளம் வடிவமைப்பாளர் அதன் உறையைக் கறுப்பாக்கி, நடுவிலே அந்த வெள்ளைக் கோடுகளை வைத்தார். முகப்பிலே குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 23ஆவது வயதில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படும் தறுவாயில் அது நடந்தது.

அந்தக் கோடுகள்தாம் எம்மை இன்றைக்கும் வியப்பில் ஆழ்த்துவன. அவை மலைகள் அல்ல. ஒரு விண்மீனின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜொஸலின் பெல் என்பவர், வானிலிருந்து 1.33 விநாடிக்கு ஒருதரம் தவறாமல் வந்துகொண்டிருந்த வானொலிச் சமிக்ஞையைக் கண்டுபிடித்தார். முதன்முதல் அறியப்பட்ட துடிவிண்மீன் அதுவே. (1974இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போயிற்று. பல்கலைக்கழக வாழ்வை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.) பின்னர் ஹரல்ட் கிராவ்ட் என்ற அமெரிக்க மாணவர், புவேட்டோ ரிக்கோவின் அரசீபோ தொலைநோக்கியைக்கொண்டு அதே விண்மீனின் அடுத்தடுத்த துடிப்புகளைப் பதிவுசெய்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, 1970இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டிலே சேர்த்தார். அந்த வரைபடம் ஒரு வானியற் கலைக்களஞ்சியத்தில் ஏறி, அங்கிருந்து இசைத்தட்டுக்கும், இசைத்தட்டிலிருந்து சட்டைக்கும் வந்து சேர்ந்தது. வரைந்தவருக்கே இச்செய்தி பிறர் சொல்லித்தான் தெரிந்ததாம். கடைக்குப் போய்த் தாமும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டாராம்.

இப்பொழுது கேட்கிறோம்: அந்தச் சட்டையை அணிய உரித்துடையவர் யார்? மூன்று பாட்டுக் கேட்டவருக்கு விண்மீனின் பெயர் தெரிந்திருக்குமா? விண்மீனை வரைந்தவருக்குப் பாட்டுத் தெரியாது. தையல் இயந்திரத்தின் முன்னிருந்து அதைத் தைத்த பெண்ணுக்கு இரண்டும் தெரிந்திருக்க நியாயமில்லை. உட்கழுத்தில் இருந்த துண்டில் பங்களாதேஷ் என்று எழுதியிருந்தது. தெரியாமல் அணிவது ஏமாற்று என்றால், அந்த ஏமாற்றில் நாம் எல்லோரும் கூட்டாளிகள்.

மூன்று பாட்டுச் சொல் என்ற வாக்கியம் எம்மை ஏன் அவ்வளவு சுட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் எமது அகதி நேர்காணல் நடந்திருந்தது. நாம் யாழ்ப்பாணத்தவர்தாமா என்று நிச்சயிப்பதற்காக, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதம் தரிக்கும் நிலையங்களை வரிசையாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 1990இலே நின்றுபோயிற்று. 2014இலேதான் மீண்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. நாம் சிறுவனாக இருந்தபோது ஒரேயொரு தடவை அதில் பயணஞ் செய்திருந்தோம். அதிகாரியின் கையேட்டில் மாத்திரம் அது தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. பளையையும் கொடிகாமத்தையும் முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று அன்றிரவு முழுவதும் உறக்கமில்லை. இதை வாசிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இதுபோன்ற கேள்விகள் நினைவிருக்கும். உமது கோயிலில் தேர் எந்த மாதம்? உமது பாடசாலையின் மதில் என்ன நிறம்? தெரிந்த பதிலே நாவில் வராமற் போகும் அந்தக் கணத்தை அனுபவித்தவர்கள், ஒரு பிள்ளையின் சட்டையைப் பிடித்து அவன் தகுதியை விசாரிக்கும்போது சற்றே தயங்க வேண்டாமா?

பையனின் தோழனை நாம் குறை சொல்லவில்லை. அவன் இந்நாட்டுப் பாடசாலையிலே கற்றுக்கொண்டதைத்தான் இங்கே ஒப்புவித்தான். இந்நாட்டு இரசிகர்களிடையே எழுதாத சட்டங்கள் பல உண்டு. ஒரு குழுவின் கச்சேரிக்கு அதே குழுவின் சட்டையை அணிந்து போகலாகாது என்பது அவற்றில் ஒன்று. திருமண வீட்டுக்கு யார் எந்தச் சேலையை உடுத்துவது என்பதில் எம்மவரிடையே நிலவும் சட்டங்களுக்கு இவை சற்றும் குறைந்தனவல்ல.

பெரியவர்களின் முறைப்பாடு வேறு வகையானது. அதற்கும் ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன், கோயிற் திருவிழாவொன்றில், சிவந்த உதடுகளுக்கிடையே நாக்கை நீட்டிய படம் பொறித்த சட்டையோடு வந்த இளைஞனை நிர்வாகத்தவர் ஒருவர் வெளிவீதியிலேயே தடுத்து நிறுத்தினார். சந்நிதியில் நாக்கை நீட்டுவதா என்பது அவருடைய கோபம். அது றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் சின்னம். 1970இல் ஜோன் பாஷ் என்ற கலைக்கல்லூரி மாணவர் அதை வரைந்து 50 பவுண் கூலி பெற்றார். குழுவின் பாடகர் மிக் ஜாகர், இப்படி ஒன்று வேண்டுமென்று அவருக்குக் காட்டியது நாக்கை நீட்டி நிற்கும் காளியின் படத்தை! உள்ளே இருந்தவளின் நாக்கைத்தான் வெளியே தடுத்தார்கள். அந்த இளைஞனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் வழக்கு வேறு விதமாகப் போயிருக்கும்.

இன்னொரு வீட்டிலே, 'நிர்வாணா' என்று மார்பில் எழுதிய சட்டையுடன் நின்ற பேத்தியைப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்த அம்மம்மா பதறிப்போய்ப் போர்வை எடுத்து வந்த கதையை நண்பர் ஒருவர் சொன்னார். பௌத்தர்களின் நிர்வாணம் அது என்று விளக்கியும் அவர் சமாதானம் அடையவில்லையாம்.

அந்தக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேய்ன் சம்பந்தமாக ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவிலே டானியல் ஜோன்ஸ்ரன் என்று ஒரு பாடகர் இருந்தார். மனநோயாளி. வீட்டிலேயே பாட்டுகளைக் கசற்றிலே பதிந்து, உறைப்படத்தைத் தாமே வரைந்து, ஊரிலே கொடுத்துத் திரிந்தவர். 1983இல் வெளியிட்ட கசற்றின் உறையில் அவர் வரைந்திருந்த தவளை போன்ற ஓர் உருவம் பின்னர் ரீசேட் ஆகியது. பத்திரிகையாளர் ஒருவர் அந்த ரீசேட்டைக் கோபேய்னுக்குக் கொடுத்தார். கோபேய்ன் 1992இல் பெரும் தொலைக்காட்சி விருது விழாவுக்கே அதை அணிந்து போனார். உலகப் புகழின் உச்சியில் நின்றவர் தம் மார்பிலே தாங்கியது தம்மைவிட எளிய ஒருவரின் சித்திரத்தை. யார் இந்தத் தவளைக்காரர் என்று தேடிக்கொண்டு நிறுவனங்கள் மருத்துவமனைக்கே போயின. 1994இல் பெரிய நிறுவனமொன்று அவருடைய தட்டை வெளியிட்டது. அது விற்கவில்லை என்பது வேறு கதை. 2019இல் அவர் மறைந்தபோது அந்தத் தவளையை அறியாத இசை இரசிகர்கள் குறைவு. ஒரு பருத்திச் சட்டை இவ்வளவு செய்திருக்கிறது. அறிந்தவர் மாத்திரம் அணியலாம் என்றால் அறியாதவர் எப்படித்தான் அறிவது?

எனினும் எல்லாம் சரி என்று கையை விரித்துவிட எமக்கு மனமில்லை. 2012இல் டிஸ்னி நிறுவனம் அதே விண்மீன் கோடுகளை மிக்கி மவுஸின் உருவத்தில் வளைத்து ஒரு சட்டையை விற்பனைக்கு விட்டது. கண்டனம் எழவே சில நாட்களில் மீட்டுக்கொண்டது. கண்டனத்துக்குக் காரணம் இருந்தது. ஜோய் டிவிஷன் என்பது, நாசி வதைமுகாமிலே கைதிப் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பகுதிக்கு ஒரு நாவலில் வழங்கப்பட்ட பெயர். அந்த இளைஞர்கள் அங்கிருந்துதான் அதை எடுத்தார்கள். எடுத்தது சரியா என்பது வேறு வழக்கு. எமக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் விற்பனைப் பிரிவிலே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனத்தின் அறியாமையும், பதினைந்து வயதுப் பையனின் அறியாமையும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. நிறுவனத்துக்கு விசாரித்தறியும் கடமை உண்டு. பையனுக்கு இருப்பது அவகாசம்.

நூலகத்தில் அந்தப் பெயரின் மூலத்தை வாசித்த அன்று, சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம். முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு அதை அணிந்து திரிய ஒப்பவில்லை. தை மாதத்துக் குளிர் வந்தபோது மீண்டும் எடுத்து அணிந்தோம், உள்ளே அணிய வேறு இருக்கவில்லை. பின்னர் அந்தப் பாட்டுகளையும் கேட்டோம். முதலில் பிடிக்கவில்லை. இப்பொழுது மூன்றென்ன, பத்துப் பாட்டுச் சொல்வோம். பஸ் தரிப்பிடத்தில் எவரும் கேட்பதில்லை. நாற்பது கடந்தவன் இந்தக் கோலத்தில் திரிவதுதான் உண்மையான இழுக்கு என்று வீட்டிலே ஒரு கட்சி இருக்கிறது.

சென்ற மாதம் எமது மகள் பெட்டியைக் கிளறி அந்தச் சட்டையை எடுத்தாள். வயது பன்னிரண்டு. "அப்பா, இந்த மலைப் படம் வடிவாயிருக்கு, நான் எடுக்கட்டா?" என்று கேட்டாள். விண்மீனின் கதையைச் சொன்னோம். கண்ணை விரித்துக் கேட்டாள். பெயரின் கதையை இன்னும் சொல்லவில்லை. இரண்டு வருடம் போகட்டும் என்றிருக்கிறோம். இப்போதைக்கு, பச்சைத் தண்ணீரில் உட்புறம் திருப்பித் தோய்க்கும்படி மாத்திரம் சொல்லிவைத்தோம். கோடுகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன.