ஸெல்ஃப் எடுக்கிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை!



நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். அவர் ஸ்கூட்டரில் போய்விட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாமியாருக்கு மூச்சு இளைப்பு கண்டுவிட்டது. நம் சகோதரிக்குக் கார் ஓட்டத் தெரியும். கதவு திறந்தது, சாவி திரும்பியது, ஸெல்ஃபும் நன்றாகவே எடுத்தது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எழுந்து வந்து, வட்டத்துச் சாலையின் கோடி வரைக்கும் தள்ளிப் பார்த்தார்கள். ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பாட்டரியிலிருந்து பாட்டரிக்கு ஒயர் கொடுத்தார். ஊஹும்! கடைசியில் அந்தப் புண்ணியவான் காரிலேயே மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்களாம். "பெட்ரோல் இருக்கு, பாட்டரி புதுசு. டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்தது. இது என்ன வியாதி அக்கா?" என்று கேட்கிறார்.

வியாதியே இல்லை, அம்மா. வண்டி உங்களைத் திருடி என்று நினைத்துக்கொண்டுவிட்டது!

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அசல் சாவி கணவரின் சாவிக்கொத்தோடு சுரங்கத்துக்குப் போய்விட்டது. இவர் போட்டது கடையில் வெட்டி வாங்கின மாற்றுச் சாவி. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்தக் காலத்துக் கார்ச் சாவியின் கறுப்புத் தலைக்குள் சின்னஞ்சிறு சிப் ஒன்று இருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். சாவியைத் திருப்பியதும் சுருள் அந்தச் சிப்பை "நீ யார்?" என்று கேட்கும். சிப் தன் எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோலும் பொறியும் போகும். இதற்கு இம்மொபிலைஸர் என்று பெயர். மாருதிக்காரர்கள் ஐ-கேட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நெய்வேலிப் பெண்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? சுரங்க வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர், தெரிந்த முகமானாலும் பாஸ் இல்லாமல் உள்ளே விடுவாரா? கடைச் சாவிக்குப் பல்வரிசை அச்சாக இருக்கும், பாஸ் இருக்காது. ஆகவே கதவு திறக்கும், ஸெல்ஃப் சுற்றும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. சில கார்களில் பிடித்த மாதிரி இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்துபோகும். வேறு சிலவற்றில் ஸெல்ஃபே எடுக்காது. நாலு பேரல்ல, நாற்பது பேர் கூடித் தள்ளினாலும் பயனில்லை.

அம்பாஸடர், ஃபியட் காலத்தில் இந்தத் தொல்லை ஏது? சில கெட்டிக்கார ஆண்கள் ராத்திரியில் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுப்பார்கள். அதுதான் அன்றைய இம்மொபிலைஸர்! தொல்லை என்றாலும் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் இது இல்லாமல் விற்ற சில ஹூண்டாய், கியா கார்களை, 2021, 2022-ஆம் ஆண்டுகளில் பையன்கள் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் திருடினார்கள்.

சரி, நடுராத்திரியில் பாட்டரியா, சாவியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஹாரனை அடியுங்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள். ஹாரன் முனகி, விளக்கு மங்கி, ஸெல்ஃப் "டிக் டிக்" என்று மட்டும் சொன்னால் பாட்டரி. ஹாரன் கணீரென்று கேட்டு, ஸெல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கைத் தேடுங்கள். சாவியை ஆன் செய்ததும் அது ஒரு தரம் எரிந்து அணைந்துவிட வேண்டும். விடாமல் மினுக்கினால் சாவியை வண்டி ஒப்புக்கொள்ளவில்லை. (பூட்டி நிறுத்தியிருக்கும்போது மினுக்கினால் பயப்படாதீர்கள். அது காவல் காக்கிறது, அவ்வளவுதான்.) விளக்கு ஒழுங்காக அணைந்தும் கிளம்பவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில். மரமும் கொடியுமாக இருக்கும் வீடுகளில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அசல் சாவியைப் போட்டும் விளக்கு மினுக்குகிறதா? சாவிக்கொத்தைப் பாருங்கள். பீரோ சாவி, கேட் சாவி, முருகன் படம் போட்ட பித்தளை வளையம், இன்னொரு காரின் சிப் சாவி... இத்தனையும் சேர்ந்து நின்றால் சுருள் குழம்பிப்போகும். கார்ச் சாவியை மட்டும் தனியே கழற்றி, ஆஃப் செய்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஆன் செய்யுங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் இரண்டாவது அசல் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் கிளம்பினால் முதல் சாவியின் சிப்பில்தான் பழுது. அதிலும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்தான் வர வேண்டும்.

பொத்தானை அமுக்கிக் கிளப்பும் வண்டியென்றால், சாவிக்குள் இருக்கும் வட்ட ஸெல் தீர்ந்திருக்கலாம். பல கார்களில் ஸெல் செத்தபிறகும், பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் கிளம்பும். கதவு திறக்க அதற்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று புத்தகத்தைப் பார்த்து, ஒரு பகல் நேரத்தில் செய்து பழகிவிடுங்கள். மூச்சுத் திணறும் மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற சமாசாரமல்ல அது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் நோயாளி தவிக்கும்போது இந்தச் சோதனைகளில் எதுவும் வேண்டாம். ஒரு தரம் கிளம்பவில்லையா, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். வண்டியை விடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் சகோதரியின் காரைப் பழையதாக வாங்கினார்களாம். விற்றவர் ஒரே ஒரு சாவிதான் தந்தாராம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது! ஆர்.சி. புத்தகத்தைப் பத்துத் தரம் புரட்டிப் பார்க்கிறோம், டயரைத் தட்டுகிறோம், இரண்டாவது சாவியைக் கேட்க மாட்டோம். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ! திருட்டுப் போய் இன்ஷூரன்ஸுக்கு மனுப்போட்டால் முதலில் கேட்பதே "இரண்டு சாவியும் எங்கே?" என்றுதான். ஒன்று தொலைந்திருந்தால் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

இப்போது அவர் செய்ய வேண்டியது இதுதான். ஆர்.சி., அடையாள அட்டை, இருக்கும் அந்த ஒரு அசல் சாவி மூன்றையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போய், புதுச் சாவிக்குச் சொல்லி, வண்டியில் பதியச் சொல்ல வேண்டும். காணாமற்போன பழைய சாவியின் பதிவை அழித்துவிட முடியுமா என்றும் அப்போதே கேட்கட்டும். செலவு கொஞ்சம் கையைக் கடிக்கும். இருக்கிற ஒன்றும் தொலைந்தபிறகு போனால் இன்னும் பலமாகக் கடிக்கும். சில வண்டிகளில் கம்ப்யூட்டரையே மாற்றும்படி ஆகிவிடும்.

புதுச் சாவி வந்ததும் அதையும் அவர் கொத்தில் கோத்துவிடாதீர்கள்! அது உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சாவியோடு எண் பொறித்த வில்லை ஒன்று கொடுத்தால், அதைச் சாவியோடு தொங்கவிடாமல் பீரோவில் தனியே வையுங்கள்.