இரண்டாவது இடத்தில் யார்? வியாழனுக்காகக் காத்திருந்த கிளீவ்லேண்ட் ரசிகரின் கணக்கு

ஒரு பேச்சுக்கு, நீங்க அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்துக்காரர்னு வச்சுக்கோங்க. உங்க டீம் பிரவுன்ஸ். 2024 சீசனில் ஆடியது 17 ஆட்டம், ஜெயித்தது 3. டிசம்பர் முழுக்க டி.வி-யை அணைச்சுட்டுத் திரிஞ்சீங்க. ஆனா ஏப்ரல் வந்ததும் உங்க முகத்தில் ஒரு களை வந்துடும். ஆபீஸில், முடிவெட்டுற கடையில், மாமியார் வீட்டு விருந்தில்னு போற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: "ரெண்டாவது இடத்துல யாரை எடுக்கப்போறோம்?"

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை, விஸ்கான்சின் மாகாணத்தின் கிரீன் பே நகரில் என்.எஃப்.எல் டிராஃப்ட் தொடங்கியது. நமக்கு அது வெள்ளிக்கிழமை அதிகாலை 5.30 மணி. பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வீசுவதும்தான் அதிகம் என்றாலும், அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது இதைத்தான். கல்லூரி அணிகளில் ஆடி முடித்த இளைஞர்களை 32 அணிகளும் மூன்று நாள்களில், ஏழு ரவுண்டுகளில் பங்குபோட்டு எடுத்துக்கொள்ளும் சடங்கின் பெயர் டிராஃப்ட். 2025-ல் மொத்தம் 257 பேர்.

ஐ.பி.எல் ஏலம் மாதிரியான்னு கேட்பீங்க. இல்லை. இங்கே பணத்தைக் காட்டி யாரையும் தூக்க முடியாது. வரிசைதான் எல்லாம். போன சீசனில் மோசமாகத் தோற்ற அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதால், ஃபிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் 1935-ல் முன்வைத்த யோசனை இது. அடுத்த வருஷமே முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்-லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆரம்பமே அப்படி!

தோற்றவனுக்கு முதல் பந்தி என்ற இந்த ஏற்பாட்டின் பக்கவிளைவுதான் ரசிகரின் கையில் இருக்கும் பேப்பர். அதற்கு மாக் டிராஃப்ட் என்று பெயர். முதல் இடம் யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று 32 வரியையும் ஜனவரியிலிருந்தே எழுதி, அடித்து, திரும்ப எழுதுவார்கள். நிபுணர்களும் எழுதுகிறார்கள். மெல் கைப்பர் 1984-லிருந்து ஈ.எஸ்.பி.என் சேனலில் இதைச் செய்தே பேர் வாங்கியவர். 2024-ல் டெட்ராய்ட்டில் டிராஃப்ட் பார்க்க மூன்று நாளில் 7,75,000 பேர் திரண்டார்கள். ஒரு பந்துகூட வீசப்படாத நிகழ்ச்சிக்கு!

சரி, உங்க பேப்பருக்கு வருவோம். முதல் வரியில் பெரிய குழப்பம் இல்லை. டென்னஸி டைட்டன்ஸ் அணி, மயாமி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கேம் வார்டை எடுக்கும் என்றே பெரும்பாலானவர்கள் எழுதினார்கள். இரண்டாவது வரி உங்களுடையது. அங்கே மூன்று பெயர்கள்.

டிராவிஸ் ஹன்டர், கொலராடோ. பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும், எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காகவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஆடுகிறவர். 2024 சீசனில் 96 கேட்ச், 15 டச்டவுன் எடுத்து, கூடவே எதிரணியின் பந்தை நான்கு முறை இடைமறித்தவர். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் அவருக்குத்தான் போனது. அப்துல் கார்ட்டர், பென் ஸ்டேட். எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் வேலை. மூன்றாவது ஷெடூர் சாண்டர்ஸ், ஹன்டரோடு அதே கொலராடோவில் ஆடிய குவார்ட்டர்பேக், பழைய நட்சத்திரம் டியான் சாண்டர்ஸின் மகன். சிலர் இவரை இரண்டாவது இடத்திலேயே வைத்தார்கள், சிலர் 20-க்கும் கீழே இறக்கினார்கள்.

குவார்ட்டர்பேக் என்றதும் கிளீவ்லேண்டில் ஒரு பெருமூச்சு கேட்கும். ஆட்டத்தின் மூளை அந்த ஆள்தான். அவர் சரியில்லை என்றால் மற்றவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிரயோஜனம் குறைவு. 1999-லிருந்து 2024 சீசன் வரை பிரவுன்ஸுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 40 பேர். டிராஃப்டின் முதல் ரவுண்டில் எடுத்தவர்கள் மட்டும் ஐந்து பேர்: டிம் கவுச், பிராடி குவின், பிராண்டன் வீடன், ஜானி மான்சியல், பேக்கர் மேஃபீல்டு. 2000-ல் 183-வது இடத்தில் ஸ்பெர்கன் வின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 16 இடம் தள்ளி, 199-ல் நியூ இங்கிலாந்து எடுத்த பையன் டாம் பிரேடி. ஏழு சூப்பர் பவுல்.

1999 என்று ஏன் கணக்கு தொடங்குது? அதற்கு முன் மூன்று வருஷம் கிளீவ்லேண்டில் டீமே கிடையாது. 1995 நவம்பரில் உரிமையாளர் ஆர்ட் மோடல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். அந்த டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில், ரசிகர்கள் ஸ்டேடியத்து இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்துக்குள் எறிந்தார்கள். பெயரையும் நிறத்தையும் பழைய சாதனைகளையும் நகரம் போராடித் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் டிராஃப்ட் வரிசை ஆட்களோடு பால்டிமோர் போனது. 1996 ஏப்ரலில் ரேவன்ஸ் என்ற புதுப்பெயரில் அந்த அணி நான்காவது இடத்தில் ஜோனதன் ஆக்டனையும், 26-வது இடத்தில் ரே லூயிஸையும் எடுத்தது. இருவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். லூயிஸ் தலைமையிலான தடுப்பாட்டத்தால் ஐந்தே சீசனில் சூப்பர் பவுல் பால்டிமோருக்குப் போனது. கிளீவ்லேண்ட் இதுவரை சூப்பர் பவுலுக்குத் தகுதி பெற்றதே இல்லை.

அதனால்தான் இந்த ஊரில் டிராஃப்ட் பேப்பர் வெறும் பொழுதுபோக்கு இல்லை. தன் வீட்டுக்கு வரவேண்டியது அடுத்த வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள் இவர்கள்.

கணக்கு என்ன சொல்லுது?

இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி. கேட் மாஸியும், பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் பல வருஷ டிராஃப்ட்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரில், முந்தி எடுக்கப்பட்டவர் பிந்தியவரைவிடச் சிறப்பாக அமைவது எத்தனை முறை? நூற்றுக்கு 52. காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். கோடிகளைக் கொட்டி ஆள் தேடும் அணிகளின் நிலையே இதுதான்.

அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. அணிகள் முதல் சில இடங்களுக்கு அளவுக்கு மீறிய விலை வைக்கின்றன. ஆகவே உங்களிடம் மேலே ஓர் இடம் இருந்தால், அதை ஆசைப்படுகிற அணிக்கு விற்று, பதிலுக்குக் கீழே பல இடங்களை வாங்கிக்கொள்ளுங்கள். நிறைய முறை சுண்டினால் நிறைய தலை விழும்.

எந்த ரசிகரும் தன் பேப்பரில் இந்த வரியை எழுத மாட்டார் என்பதுதான் விஷயம். 'விற்றுவிடுகிறோம்' என்று எழுதி அதைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்படுவது? ஜெர்ஸியின் முதுகில் போட ஒரு பெயர் வேண்டுமே.

ஆனால் கிளீவ்லேண்ட் இதைச் செய்தே பார்த்திருக்கிறது. 2016-ல், பேஸ்பாலில் புள்ளிவிவரப் புரட்சிக்குப் பேர்போன பால் டிபோடெஸ்டாவை அழைத்து வந்தார்கள். அந்த வருஷமும் கையில் இருந்தது இதே இரண்டாவது இடம். அதை ஃபிலடெல்பியாவுக்கு விற்றார்கள். ஃபிலடெல்பியா கார்சன் வென்ட்ஸை எடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, 2017-ன் 12-வது இடம். அதையும் ஹூஸ்டனுக்கு விற்றார்கள். ஹூஸ்டன் எடுத்த ஆள் டிஷான் வாட்சன். அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்று, 2018-ன் நான்காவது இடம். அதில் வந்தவர்தான் உள்ளூர்ப் பையன் டென்சல் வார்டு. 2025-லும் அணியில் இருந்தார், பிரமாதமாக ஆடினார்.

கணக்குப்படி மோசமில்லை. ஆனால் நடுவில் நடந்ததைப் பாருங்க. 2016-ல் 16 ஆட்டத்தில் ஒரு வெற்றி. 2017-ல் 16 ஆட்டத்தில் பூஜ்ஜியம். ஜனவரிக் குளிரில் ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி 'பெர்ஃபெக்ட் சீசன்' ஊர்வலம் போனார்கள், கேலியாகத்தான். அந்தத் திட்டத்தை நடத்திய சாஷி பிரவுன் அதற்கு முந்தைய மாதமே வேலையிழந்திருந்தார். அவர் சேர்த்து வைத்த இடங்களை வேறொருவர் செலவழித்தார்.

அப்புறம் 2022. கையில் வந்த இடத்தை 2017-ல் விற்று யாரை விட்டார்களோ, அதே வாட்சனை வாங்க மூன்று வருஷ முதல் ரவுண்டு இடங்களையும், இன்னும் சிலவற்றையும் கொடுத்தார்கள். விதைநெல்லை விற்ற கதை. சம்பளம் 23 கோடி டாலர், முழுக்க உத்தரவாதம். அந்த நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் அத்துமீறல் புகார் சொல்லி வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், கிரிமினல் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆனால் லீக் 11 ஆட்டம் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. வருஷக்கணக்காக அந்த ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டிருந்த பலருக்கு, குறிப்பாகப் பெண் ரசிகர்களுக்கு, அதைப் பீரோவில் மடித்து வைக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று சீசனில் வாட்சன் ஆடியது 19 ஆட்டம். 2025 டிராஃப்ட் நேரத்தில் குதிகால் தசைநார் கிழிந்து, சரியாகிவரும்போது மறுபடியும் கிழிந்து வீட்டில் இருந்தார்.

அதனால் அப்போது குவார்ட்டர்பேக் இடம் காலி. 40 வயது ஜோ ஃப்ளாக்கோவையும், பிட்ஸ்பர்கில் எடுபடாத கென்னி பிக்கெட்டையும் கொண்டுவந்திருந்தது ஓட்டையை அடைக்க, வீடு கட்ட இல்லை.

என் பேப்பர்

இரண்டாவது இடத்தில் சாண்டர்ஸ் வருவார் என்று நான் நினைக்கவில்லை. குவார்ட்டர்பேக் தேவை என்பதற்காக, அந்த இடத்துக்குத் தகுதியானவர் என்று ஊரே சந்தேகப்படும் ஒருவரை எடுப்பது பசிக்கு உப்பைத் தின்பது மாதிரி. மான்சியல், வீடன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். கார்ட்டர் நல்ல தேர்வு. ஆனால் 2025 மார்ச்சில்தான் அதே வேலைக்கு மைல்ஸ் காரெட்டுக்கு வருஷம் 4 கோடி டாலர் என்று ஒப்பந்தம் நீட்டித்தார்கள். மிச்சம் ஹன்டர்.

ஹன்டரிடம் ஒரு கேள்வி உண்டு. ஃபிலடெல்பியாவின் சக் பெட்னாரிக் காலத்துக்குப் பிறகு, இரண்டு பக்கமும் முழுநேரமாக ஆடி நிலைத்தவர் யாரும் இல்லை. கல்லூரியில் முடிந்தது இங்கே முடியுமா? முடியாவிட்டாலும் ஒரு பக்கத்தில் மட்டும் ஆடினாலே போதும் என்பது என் எண்ணம். 2011-க்குப் பிறகு புதுவீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. 2010-ன் முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். அடுத்த வருஷ முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 2.2 கோடிதான். ஆக, மேலிடம் இப்போது மாஸியும் தேலரும் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது இருந்ததைவிட மலிவு. விற்பதற்கான வாதம் அந்த அளவுக்குக் கொஞ்சம் பலமிழந்திருக்கிறது.

பலமிழந்திருக்கிறது, செத்துவிடவில்லை. பேரம் பேச அணிகளுக்கு ஒரு பழைய மதிப்பெண் அட்டவணை உண்டு, 1990-களில் டல்லஸ் அணியில் பிறந்தது. அதன்படி இரண்டாவது இடத்துக்கு 2,600 புள்ளி, ஐந்தாவதுக்கு 1,700. மூன்றே படி இறங்கினால் 900 புள்ளி கையில் நிற்கும், அதாவது 18-வது இடத்துக்குச் சமம். இத்தனை ஓட்டை உள்ள அணிக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்போது டிபோடெஸ்டா அதே அலுவலகத்தில்தான் இருந்தார் என்பதையும் மறந்துடாதீங்க. பேனாவில் ஹன்டர்னு எழுதினேன், பக்கத்தில் பென்சிலில் 'விற்பார்கள்'னு எழுதி வைத்தேன்.

2025-ல் முதல் ரவுண்டில் ஒவ்வொரு அணிக்கும் 10 நிமிடம். டென்னஸி அவகாசம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், ஆறு மணிக்குள் உங்க வரி வந்துவிடும் என்பதே கணக்காக இருந்தது. வந்தது பிடிக்கவில்லை என்றால் டி.வி-யை உடைச்சுடாதீங்க. இரண்டாவது ரவுண்டு நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 4.30-க்குத் தொடங்க இருந்தது. அதன் முதல் இடம், மொத்த வரிசையில் 33, அதுவும் பிரவுன்ஸுடையதாகத்தான் இருந்தது.