சக்கரம் வைத்த பலகை

சில தினங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று முதுகுக்குப் பின்னால் ரயில் வருவது போல் கடகடவென்று சப்தம் கேட்டது. நமது ஊர் ரயில் தண்டவாளத்தை விட்டுத் தெருவுக்கு வரும் வழக்கமில்லை என்பது நன்றாய்த் தெரிந்திருந்தும், நான் அவசரமாய் ஒதுங்கி நின்றேன். வந்தவர்கள் இரண்டு சிறுவர்கள். பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளை ஒரு பலகையின் அடியில் மாட்டி, அதன்மேல் உட்கார்ந்து சரிவில் உருண்டு வந்தார்கள்.

எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர், "ஏண்டா, தெரு என்ன உங்க பாட்டன் சொத்தா?" என்று அதட்டினார்.

மூத்த பையன் சற்றும் பயப்படாமல், "பின்னே எங்கே தாத்தா விளையாடறது?" என்று கேட்டான்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வடக்கே ஒரு குக்கிராமம் பதில் சொல்லியிருக்கிறது. அதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று.

மத்தியப் பிரதேசத்தில், பன்னா ஜில்லாவில், ஜன்வார் என்பது அந்த ஊரின் பெயர். ஆதிவாசிகளும் யாதவர்களும் வசிக்கும் ஊர். இரு சாராரும் கலந்து பழகாத ஊர். 2015-ஆம் வருஷத்தில், ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்ட் என்னும் மாது, அங்கே குழந்தைகள் சக்கரப் பலகை விடுவதற்கென்று மேடும் பள்ளமும் வளைவுமாய் ஒரு சிமெண்டுத் தளம் அமைத்தார். இதற்கு ஸ்கேட் பார்க் என்று பெயர்.

அங்கே ஏற்பட்ட சட்டங்கள் இரண்டுதான். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை கிடையாது என்பது ஒன்று. பெண்களுக்கே முதலிடம் என்பது மற்றொன்று. ஒரு சிறுமி வந்து கேட்டால், பையன் இறங்கிப் பலகையைக் கொடுத்துவிட வேண்டியதே! நமது வீடுகளில் இந்தச் சட்டம் எத்தனை பேருக்குச் செரிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜாதி வேற்றுமை அங்கே அடியோடு ஒழிந்துவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கீழே விழுந்தவன் எழுந்திருக்கக் கை நீட்டும்போது, எதிரே நீளும் கை யாருடையது என்று குலம் விசாரிப்பதில்லை. அந்த ஊர் ஆதிவாசிப் பெண்ணான ஆஷா கோண்ட், 2018-இல் சீன தேசத்து நான்ஜிங் நகரில் நடந்த உலகப் பந்தயத்திற்குப் போய் வந்தார். பிற்பாடு தாமே ஓர் அமைப்பைத் தொடங்கி, ஊர்க் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை மேற்கொண்டார். வெளியார் தொடங்கிய காரியத்தை ஊராரே தங்கள் தோளில் ஏற்றுக்கொள்வதல்லவா உண்மையான சுயராஜ்யம்?

இது பணக்கார தேசத்து விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். இதன் சரித்திரத்தைக் கேளுங்கள். 1970-களின் மத்தியில் அமெரிக்காவில் கலிபோர்னியாவைக் கடும் வறட்சி பீடித்தது. வீட்டு நீச்சல் குளங்களெல்லாம் வற்றிக் கிடந்தன. அந்த வெற்றுக் குளங்களின் வளைந்த சுவர்களில் பையன்கள் பலகை விட்டுப் பழகினார்கள். இன்று ஸ்கேட் பார்க்குகளில் காணும் கிண்ணம் போன்ற பள்ளம் அந்த வறட்சியின் ஞாபகார்த்தமேயாகும். வறட்சியைப் பற்றித் திண்டுக்கல் சீமைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை!

டோக்கியோவில் 2021-இல் இது முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, பெண்கள் பிரிவுகளில் ஒன்றில் தங்கப் பதக்கம் பெற்ற ஜப்பானியப் பெண்ணுக்கு வயது 13. நமது மாமல்லபுரத்துக் கமலி என்னும் சிறுமி பலகை விட்ட கதை, 2019-இல் படமாகவே வெளிவந்தது.

"கை கால் முறிந்தால் யார் பொறுப்பு?" என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான ஆட்சேபந்தான். தலைக்கவசமும் முழங்கால் உறையும் அவசியம் வேண்டும். ஆனால் லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையைவிடச் சிமெண்டுத் தளம் அபாயமானதல்ல. அதற்கு வேண்டியது சொற்ப நிலம், இரும்புக் கம்பி, வளைவை வழவழப்பாய்ப் பூசத் தெரிந்த கொத்தனார், மழைநீர் தேங்காமலிருக்க ஒரு வடிகால். இவற்றில் எது நமது ஊரில் கிடைக்காது?

கிடைப்பது அருமையான பொருள் ஒன்றே ஒன்று: நம்பிக்கை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் அதே பூட்டு ஒரு விளையாட்டுத் திடலின் கதவில் தொங்குமானால், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சர்க்கார் கட்டிக் கொடுத்தாலும் சரி, தர்மவான் கட்டிக் கொடுத்தாலும் சரி, சாவி ஊர்ப் பிள்ளைகளிடம் இருக்கவேண்டும். பெருக்குவதும் அவர்கள் முறை. பழுது பார்ப்பதும் அவர்கள் முறை. சட்டம் செய்வதும் அவர்கள் முறை. பொதுச் சொத்தைக் காக்கும் பாடத்தை வேறு எந்தப் பள்ளியில் கற்கப் போகிறார்கள்?

மறுநாளும் அதே தெரு வழியே போனேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். கடகட சப்தமும் கேட்டது. அவர் அதட்டவில்லை. "பார்த்துப் போங்கடா, லாரி வருது!" என்று மட்டும் கூவினார். அந்தக் கவலை நம் எல்லோருக்கும் வந்தால் போதும். இடம் தானாய்க் கிடைத்துவிடும்.